மண்ணில் தங்கும் பூச்சிக்கொல்லி: குளோர்பைரிபாஸ் குறித்து நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

2025ஆம் ஆண்டு மே மாதம் ஜெனீவாவில் நிறைவுற்ற ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகளின் மாநாட்டில், குளோர்பைரிபாஸ் என்னும் பூச்சிக்கொல்லியை உலக அளவில் ஒழிக்கப்பட வேண்டிய, நெடுங்காலம் நிலைத்திருக்கும் கரிம மாசுப் பொருள்களின் பட்டியலில் சேர்க்க முடிவு செய்யப்பட்டது. சில பயன்பாடுகளுக்கு மட்டும் காலவரையறையுடன் கூடிய விதிவிலக்குகள் அளிக்கப்பட்டுள்ளன. இச்செய்தி வெளிவந்த பின்னர், மருத்துவமனைகளில் இரண்டு வினாக்கள் மீண்டும் மீண்டும் எழுகின்றன. "வீட்டில் கரையானுக்கு இம்மருந்தை அடித்திருக்கிறோம், கர்ப்பிணி அங்கே தங்கலாமா?" என்பது ஒன்று. "பூச்சிமருந்து நச்சுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர் எப்போது வயல் வேலைக்குச் செல்லலாம்?" என்பது மற்றொன்று.

இரண்டு வினாக்களுக்கும் விடை காண, இம்மருந்து மண்ணில் என்னவாகிறது என்பதையும் உடலில் என்னவாகிறது என்பதையும் சேர்த்து அறிய வேண்டும். மண் தன் நச்சைச் சிதைக்க ஒரு காலம் எடுத்துக்கொள்கிறது. உடல் தன் இழப்பை ஈடுசெய்ய வேறொரு காலம் எடுத்துக்கொள்கிறது. வாடை நின்றதாலோ, நோயாளி எழுந்து நடமாடுவதாலோ இவ்விரு காலங்களும் முடிந்துவிட்டன என்று கொள்ளலாகாது. இக்கட்டுரை வலியுறுத்துவது இதுவே.

இந்தியாவில் இன்றைய நிலை

குளோர்பைரிபாஸ் 1965ஆம் ஆண்டு முதல் விற்பனையில் உள்ள கரிம பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லியாகும். நெல், பருத்தி முதலிய பயிர்களுக்கும், கட்டடங்களில் கரையான் தடுப்புக்கும் நம் நாட்டில் பரவலாகப் பயன்படுகிறது. அமெரிக்காவில் பெரும்பாலான வீட்டுப் பயன்பாடுகள் 2001ஆம் ஆண்டளவில் நிறுத்தப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், இம்மருந்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை வரையறுக்க இயலாது என 2019இல் கருத்துரைத்தது. 2020இல் அங்கு அதன் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குறித்த ஐயமே இம்முடிவுகளுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும்.

இந்திய அரசு 2023ஆம் ஆண்டு ஆணையின் வழியாக இலந்தை, எலுமிச்சை இனப் பழங்கள், புகையிலை ஆகியவற்றில் இதன் பயன்பாட்டைத் தடை செய்தது. தமிழ்நாடு அரசு தற்கொலைத் தடுப்பு நோக்கில் 60 நாட்களுக்குத் தற்காலிகத் தடை விதித்த ஆறு பூச்சிக்கொல்லிகளுள் குளோர்பைரிபாஸும் ஒன்று. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் புதிதாகச் சேர்க்கப்படும் ஒவ்வொரு வேதிப்பொருளையும் இந்தியா தனித்தனியே ஏற்பிசைவு செய்த பின்னரே அது நம் நாட்டைக் கட்டுப்படுத்தும். ஆகவே, ஜெனீவாவில் எடுத்த முடிவால் நம் ஊர்க் கடைகளில் இம்மருந்து உடனே இல்லாமற் போய்விடாது. விற்பனை முற்றிலும் நின்றாலும், முன்பே மண்ணில் சேர்ந்திருப்பது சிதைவதற்குக் காலம் வேண்டும்.

ஒட்டிக்கொள்வதும் சிதைவதும் வேறு வேறு

மண்ணில் விழுந்த பூச்சிக்கொல்லிக்கு இரண்டு நிகழ்வுகள் நேர்கின்றன. முதலாவது, மண்துகள்களில் ஒட்டிக்கொள்வது. இரண்டாவது, சிதைந்து வேறு பொருளாக மாறுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே குழப்பத்திற்குக் காரணம்.

குளோர்பைரிபாஸ் நீரில் மிகக் குறைவாகவே கரையும். ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் மட்டுமே கரைகிறது. நீரை விரும்பாத இப்பொருள், இலைதழை மட்கி உண்டான கரிமப் பொருளிலும் களித்துகள்களிலும் இறுகப் பற்றிக்கொள்கிறது. இதனால் மழைநீருடன் ஆழமாக இறங்கி நிலத்தடி நீரைச் சென்றடைவது பொதுவாகக் குறைவு. இது நன்மையே. எனினும், பற்றிக்கொண்ட மருந்து அழிந்துவிடவில்லை. மண்துகள் எங்கே செல்கிறதோ அங்கே அதுவும் செல்லும். அடைமழையில் மேல்மண் அரித்துச் சென்றால் ஏரிக்கும் கண்மாய்க்கும், காய்ந்த மண் தூசாகப் பறந்தால் வீட்டுக்குள்ளும், குழந்தை மண்ணில் விளையாடினால் அதன் கைவிரல்கள் வழியே வாய்க்கும் வந்து சேரும்.

சிதைவு நான்கு வழிகளில் நிகழ்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் மருந்தைச் சிதைக்கின்றன. ஈரத்தில் உள்ள நீர் வேதிவினையால் அதைப் பிளக்கிறது. மேற்பரப்பில் வெயில் அதைச் சிதைக்கிறது. ஒரு பகுதி ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. ஆவியாகும் பகுதி மண்ணைவிட்டு நீங்குகிறதேயன்றி உடனே அழிவதில்லை. இறுகப் பற்றிக்கொண்ட பகுதியை நுண்ணுயிரிகள் எளிதில் அணுக இயலாது. ஆகவே, மிகுதியாகப் பற்றிக்கொள்ளும் மண்ணில் மருந்து இடம்பெயர்வது குறைந்தாலும், தங்கும் காலம் நீளக்கூடும்.

மருந்தின் அளவு பாதியாகக் குறைவதற்கு ஆகும் காலத்தை அரைவாழ்வுக்காலம் என்பர். பயிருக்கு இடும் அளவில் குளோர்பைரிபாஸின் அரைவாழ்வுக்காலம் பெரும்பாலும் 60 முதல் 120 நாட்கள் எனக் குறிப்பிடப்படுகிறது. மண்ணையும் தட்பவெப்பத்தையும் பொறுத்து இரண்டு வாரம் முதல் ஓராண்டுக்கு மேலும் வேறுபடும். 60 நாட்கள் என்று வைத்துக்கொண்டால், 60ஆம் நாளில் பாதியும், 120ஆம் நாளில் கால் பங்கும், 180ஆம் நாளில் எட்டில் ஒரு பங்கும் எஞ்சியிருக்கும். "அரைவாழ்வு முடிந்தால் மருந்து தீர்ந்தது" என்பது தவறான புரிதல்.

நம் மண் வகைகளில் என்ன வேறுபாடு?

கரிசல் மண்: கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரங்களில் காணப்படும் இம்மண்ணில் களி மிகுதி, பெரும்பாலும் காரத்தன்மை உடையது. களித்துகள்கள் மருந்தைப் பற்றிக்கொள்கின்றன. காரத்தன்மையும் ஈரமும் சேரும்போது நீரால் பிளவுபடும் வேகம் கூடுகிறது. ஆயினும், கோடையில் கரிசல் நிலம் ஆழமாக வெடிக்கும். அவ்வெடிப்புகள் வழியே முதல் மழைநீர் மருந்து பற்றிய துகள்களை நேரே கீழே கொண்டுசெல்ல இயலும்.

செம்மண்: தமிழ்நாட்டில் மிகப் பரவலாக உள்ளது. மட்கு குறைவாக இருப்பதால் பற்றும் திறனும் அதற்கேற்பக் குறைவு. தொழுவுரம், தழையுரம் இட்டுப் பண்படுத்திய செம்மண், வெறும் செம்மண்ணைவிட மருந்தை நன்கு பற்றும். நுண்ணுயிரிகளும் அதில் மிகுதி.

மணற்பாங்கான மண்: கடலோரப் பகுதிகளிலும் திருச்செந்தூரை ஒட்டிய தேரி நிலங்களிலும் மட்கும் களியும் மிகக் குறைவு, நீர் விரைந்து இறங்கும். பற்றிப் பிடிக்க ஏதுமில்லாத இத்தகைய மண்ணில், ஆழம் குறைந்த கிணறுகளுக்கு அருகே எந்தப் பூச்சிக்கொல்லியையும் ஊற்றுவது பிற இடங்களைவிட ஆபத்தானது.

மலை மண்: நீலகிரி போன்ற இடங்களின் மண்ணில் மட்கு மிகுதி, அமிலத்தன்மையும் மிகுதி, வெப்பம் குறைவு. மருந்து இறுகப் பற்றிக்கொள்ளும். அமிலத்தன்மையாலும் குளிராலும் சிதைவு மெதுவாகும். அங்குள்ள கவலை மண்ணரிப்பு பற்றியது. சரிவில் அரிக்கப்படும் மேல்மண்ணே மருந்தை ஓடைகளுக்குச் சுமந்து செல்கிறது. உருளைக்கிழங்கு, கேரட் போன்றவற்றின் தோலில் ஒட்டியுள்ள மண்ணை நன்கு கழுவித் தோலை நீக்குவது இப்பகுதியினருக்குப் பயன்தரும் பழக்கம்.

குளோர்பைரிபாஸ் சிதையும்போது டிரைகுளோரோ பிரிடினால் என்னும் பொருள் உண்டாகிறது. தாய்ப்பொருளைப்போல் நரம்பைத் தாக்கும் நச்சுத்தன்மை இதற்கு இல்லை. ஆயினும் இது நீரில் எளிதில் நகரும். ஆகவே, ஒரு மருந்து விரைவில் சிதைகிறது என்று கேட்டால், சிதைந்து என்னவாகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

வயலும் வீட்டின் அடித்தளமும்

இனி முதல் வினாவுக்கு வருவோம். பயிருக்குத் தெளிக்கும்போது ஒரு ஹெக்டேருக்குச் சில நூறு கிராம் குளோர்பைரிபாஸ் இடப்படுகிறது. அதாவது, ஒரு சதுர மீட்டருக்கு 0.02 முதல் 0.05 கிராம் வரை. கட்டடக் கரையான் தடுப்பில் 1 விழுக்காட்டுக் கரைசலை அடித்தளப் பரப்பில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் ஊற்றுவது வழக்கம். அதில் உள்ள மருந்து 50 கிராம். வயலில் விழுவதைப்போல் ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் ஓரிடத்தில் குவிகிறது. அவ்விடம் வெயில் படாதது, மழை படாதது, கட்டடத்தால் மூடப்பட்டது. இவ்வளவு செறிவில் நுண்ணுயிரிகளின் சிதைக்கும் திறனும் தளர்கிறது. எனவே, வயலில் சில மாதங்களில் குறையும் அதே மருந்து, வீட்டின் அடித்தளத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கக்கூடும். கரையான் நெடுநாள் வராமலிருக்க வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு இடப்படுகிறது.

இதைக் கேட்டு அஞ்சத் தேவையில்லை. அடித்தள மண்ணில் மூடப்பட்டிருக்கும் மருந்து, வீட்டில் வசிப்போரின் உடலை அடைவதற்கு ஒரு வழி வேண்டும். அவ்வழிகளை அடைப்பதே நம் கடமை.

• புதிய வீடானால், மருந்தின் பெயர், இட்ட நாள், அளவு ஆகியவற்றை ஒப்பந்தக்காரரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால் இக்குறிப்பு பெரிதும் உதவும்.

• குடியிருக்கும் வீட்டில் தரையைத் துளையிட்டு மருந்து செலுத்தும்போது கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், ஆஸ்துமா உள்ளோர், அண்மையில் பூச்சிமருந்து நச்சுக்குச் சிகிச்சை பெற்றோர் ஆகியோர் வேறிடத்தில் தங்கட்டும். துளைகள் சிமெண்டால் அடைக்கப்பட்டு, தரை ஈரத்துணியால் துடைக்கப்பட்டு, பல நாட்கள் நன்கு காற்றோட்டம் விட்ட பின்னரே திரும்பட்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசு கிளம்பும்.

• வாடையை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். வாடையின் பெரும்பகுதி மருந்துடன் கலந்துள்ள கரைப்பானிலிருந்து வருவது. அது விரைவில் ஆவியாகிவிடும். மருந்து அங்கேயே இருக்கும்.

• அடித்தளத்தை ஒட்டித் தரைமட்டத் தண்ணீர்த் தொட்டியோ கிணறோ இருந்தால், மருந்து இடுவதற்கு முன்பே அதைத் தெரிவியுங்கள். தொட்டிச் சுவரில் விரிசல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பூச்சிக்கொல்லி கலந்த நீரைக் கொதிக்க வைப்பதால் அது பாதுகாப்பானதாகிவிடாது.

• மருந்து இட்ட சுவரோரத்தில் கீரையோ கிழங்கோ பயிரிட வேண்டாம். அங்கே குழந்தைகளை விளையாட விடவும் வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. இரத்தசோகை உள்ள கர்ப்பிணிகள் சிலருக்கு மண், சாம்பல், சுவர்க் காரை ஆகியவற்றைத் தின்னும் வேட்கை உண்டாகும். இதைச் சொல்ல அவர்கள் கூச்சப்படுவார்கள். மண்ணில் பற்றியிருக்கும் பூச்சிக்கொல்லி உடலுக்குள் செல்ல இதைவிட நேரடியான வழி வேறில்லை. குடும்பத்தார் கடிந்துகொள்ளாமல், கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும். இரத்தசோகைக்குச் சிகிச்சை அளித்தால் இவ்வேட்கை பெரும்பாலும் தணியும்.

உடல் மீளும் காலம்

இரண்டாம் வினா நச்சுப் பாதிப்பிலிருந்து மீண்டவரைப் பற்றியது. குளோர்பைரிபாஸ் உடலுக்குள் சென்றதும் கல்லீரலில் மேலும் வீரியமான பொருளாக மாறி, நரம்புகளுக்கும் தசைகளுக்கும் இடையே சமிக்ஞையை முடித்து வைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை முடக்குகிறது. அதனால் வியர்வை, எச்சில் பெருகுதல், கண்மணி சுருங்குதல், வாந்தி, தசைத் துடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியன தோன்றுகின்றன.

இம்மருந்தின் பெரும்பகுதி சில நாட்களில் சிறுநீர் வழியே வெளியேறிவிடுகிறது. ஆனால், முடங்கிய நொதி அவ்வளவு விரைவில் மீள்வதில்லை. இரத்த நீர்மத்தில் உள்ள கோலினெஸ்டரேஸ் ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்களில் இயல்பு நிலையை அடையும். சிவப்பணுக்களில் உள்ள நொதியோ புதிய சிவப்பணுக்கள் உண்டாகும் வேகத்திலேயே, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு வீதம் மீள்கிறது. முழுமையாக மீள மூன்று முதல் நான்கு மாதங்கள் ஆகலாம். மருத்துவமனைகளில் பெரும்பாலும் செய்யப்படுவது முதல் வகைப் பரிசோதனை. ஆகவே, அது இயல்பாக இருப்பதாலேயே உடல் முழுமையாக மீண்டுவிட்டது என்று முடிவு செய்யலாகாது.

இந்த இடைக்காலத்தில் சிறிதளவு மருந்து மீண்டும் உடலில் சேர்ந்தாலும், நலமுள்ள ஒருவருக்கு நேராத பாதிப்பு இவருக்கு நேரலாம். மருந்து தெளித்த வயலின் மண்ணைத் தொட்டதனால் மட்டும் கடும் நச்சு ஏற்படுவது அரிது. ஆனால் நொதி குறைந்த நிலையில் உள்ளவர் மருந்து கலக்குவதும், தெளிப்பதும், தெளித்த உடனே வயலில் இறங்குவதும், மருந்து பட்ட துணிகளைத் துவைப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை. மருத்துவர் அனுமதிக்கும் வரை, பொதுவாகக் குறைந்தது மூன்று மாதங்கள், அவருக்கு இவ்வேலைகள் வேண்டாம். கூலி வேலையை நம்பியுள்ள குடும்பத்திற்கு இது எளிதன்று என்பதை நாம் அறிவோம். வேலையை விட இயலாதெனில், மருந்துத் தொடர்பற்ற பணியைக் கேட்டுப் பெறுங்கள். அதற்குத் தேவையான மருத்துவக் குறிப்பை மருத்துவரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

வீடு திரும்பிய பின்னரும் பராமரிப்பாளர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் உள்ளன. நச்சு ஏறிய 24 முதல் 96 மணி நேரத்திற்குள் கழுத்தைத் தூக்க இயலாமை, மூச்சுத் தளர்ச்சி ஆகியன தோன்றலாம். மருத்துவமனையிலிருந்து அவசரப்பட்டு அழைத்து வரக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்குப் பின் கால்களில் எரிச்சல், மரத்துப்போதல், நடை தளர்தல் ஆகியன தோன்றினால், பாதிக்கப்பட்ட நரம்புகளின் அறிகுறியாக அது இருக்கலாம். தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாற்று மருந்து என்றால் பாதுகாப்பானதா?

குளோர்பைரிபாஸுக்கு மாற்றாகக் கரையான் தடுப்பில் இமிடாகுளோபிரிட் பயன்படுகிறது. மனிதருக்கு அதன் உடனடி நச்சுத்தன்மை குறைவு. ஆனால் அது ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் வரை கரையும். குளோர்பைரிபாஸைவிடச் சில நூறு மடங்கு மிகுதி. மண்ணை அவ்வளவு இறுகப் பற்றாததால் நீருடன் நகரும் வாய்ப்பு அதற்கு அதிகம். களிமண் நிலத்து வீட்டுக்குப் பொருந்துவது, மணற்பாங்கான நிலத்தில் கிணற்றடி வீட்டுக்குப் பொருந்தாமற் போகலாம். மருந்தின் பெயரை மட்டும் கேட்டு முடிவு செய்யாமல், மண்ணையும் நீர்நிலையின் அண்மையையும் சேர்த்துக் கருத வேண்டும்.

அவசர நிலையில் செய்ய வேண்டியவை

பூச்சிமருந்து உடலில் பட்டால் ஆடைகளை உடனே களைந்து, சோப்பும் தாராளமான நீரும் கொண்டு உடலைக் கழுவுங்கள். உதவுபவர் கையுறையோ நெகிழி உறையோ அணிந்துகொள்ளட்டும். மருந்தை விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக் கரைசல், எண்ணெய் முதலியன கொடுக்காதீர்கள். மயங்கிய நிலையில் உள்ளவரை இடப்பக்கமாகப் படுக்க வையுங்கள். 108 அவசர ஊர்தியை அழையுங்கள். மருந்துப் புட்டியையோ அதன் மேலுறையையோ தவறாமல் உடன் கொண்டு வாருங்கள். தில்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம்.

வீட்டில் பூச்சிமருந்து இருப்பின் பூட்டி வையுங்கள். குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றி வைக்காதீர்கள். காலிப் புட்டிகளைக் கிணற்றடியிலோ குளத்திலோ கழுவாதீர்கள். வீட்டில் யாரேனும் மனம் உடைந்து பேசினால், அவரைத் தனியே விடாமல் மருந்தை அவ்விடத்திலிருந்து அகற்றுங்கள். மனநல ஆலோசனைக்கு 104 அல்லது 14416 என்ற எண்களை எந்நேரமும் அழைக்கலாம்.

மண் சிதைக்கும் வேகத்தை நாம் பெரிதாக மாற்ற இயலாது. உடல் மீளும் வேகத்தையும் விரைவுபடுத்த இயலாது. அக்காலம் முடியும் வரை மருந்து உடலை அடையாமல் காப்பது நம் கையில் உள்ளது. ஐயம் எழுந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அணுகுங்கள். மருந்தின் பெயரையும் அது இடப்பட்ட நாளையும் எழுதி எடுத்து வாருங்கள்.